பாலிகாசிலின் புதைந்த வேலிகள்

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைக்குப் போகிற பயணிகளில் பெரும்பாலோர் கிளேர் மாவட்டத்து மோஹர் பாறைச்சரிவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் வடக்கே, மேயோ மாவட்டத்தின் விளிம்பில் இருக்கும் பாலிகாசில் வரை வருகிறவர்கள் குறைவு. ஏறக்குறைய 200 பேர் வாழும் சிற்றூர் அது. சரிந்து இறங்கும் ஒரு தெரு, தேவாலயம், சில கடைகள், ஓவியர்கள் வந்து தங்கி வேலை செய்வதற்காக 1990களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட பாலிங்லென் கலை அறக்கட்டளை, இவ்வளவுதான் ஊர். சுற்றிலும் பச்சை மேய்ச்சல் நிலம். அதைத் தாண்டினால் பழுப்பு நிறச் சதுப்பு. அதற்கப்பால் அட்லாண்டிக் கடல். ஊரிலிருந்து மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், அந்தச் சதுப்புக்கு அடியில், கல்வேலிகளால் பிரிக்கப்பட்ட ஒரு முழு வேளாண் நிலப்பரப்பு புதைந்து கிடக்கிறது. கேஜா வயல்கள் என்று அதற்குப் பெயர். வழிகாட்டி நூல்கள் அதற்கு ‘உலகின் மிகப் பழைய வயல்கள்’ என்ற பட்டத்தைத் தருகின்றன. அந்தப் பட்டம் பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களிடையே சில ஆண்டுகளாகக் கடுமையான கருத்து வேறுபாடு இருக்கிறது. பட்டத்தை அகற்றிவிட்டாலும் இந்த இடத்தின் மதிப்பு குறையாது; அந்த மதிப்பில் பாதி வேலிகளுக்கு உரியதென்றால் மறுபாதி அவற்றை மூடிக்கிடக்கும் சதுப்புக்கு உரியது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

வயல்களைப் பற்றிப் பேசுமுன் சதுப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சதுப்பு என்றால் தாழ்வான இடத்தில் நீர் தேங்கிய பரப்பு என்றே பொதுவாக நினைக்கிறோம். வடமேயோவின் சதுப்பு வேறு வகை. மேடு, சரிவு, பள்ளம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு குன்றின் மேலும் ஏறிப் போகிறது. அதனால் அதைப் போர்வைச் சதுப்பு என்கிறார்கள். ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் இடம் அது. கோடையில் வெயிலும் கடுமையாக இராது. பெய்த நீர் ஆவியாகவோ வடியவோ வழியில்லாமல் மண்ணில் நிற்கிறது. நீர் நிறைந்த மண்ணில் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் இறந்த செடி முழுதாக மக்காது. ஸ்பேக்னம் என்ற பாசி இந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதோடு, சுற்றியுள்ள நீரைப் புளிப்பாகவும் மாற்றிவிடுகிறது. மக்காத செடிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் படிந்து, பீட் என்ற கருமண்ணாகின்றன. அயர்லாந்து நிலப்பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பீட் நிலம். கேஜாவில் சில இடங்களில் அதன் ஆழம் 4 மீட்டர். மரம் அரிதான இந்தப் பகுதியில், நூற்றாண்டுகளாக மக்கள் பீட்டைக் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்து, அடுப்பெரித்து வந்திருக்கிறார்கள். அப்படி வெட்டியவர்களின் மண்வெட்டிதான் முதலில் வேலிகளைத் தொட்டது.

கல்லில் மண்வெட்டி இடிபட்டது பலருக்கும் நேர்ந்த அனுபவம். அதை ஒரு கேள்வியாக மாற்றியவர் பக்கத்து ஊரான பெல்டெரிக்கின் பள்ளி ஆசிரியர் பேட்ரிக் கால்ஃபீல்ட். 1930களில், பீட் வெட்டிய குழிகளின் அடியில் கற்குவியல்கள் தொடர்ந்து தென்படுவதை அவர் கவனித்தார். கற்கள் தாறுமாறாகக் கிடக்கவில்லை, வரிசையாக இருந்தன. அவை பீட்டின் மேலோ நடுவிலோ இல்லை. அதற்கும் அடியில், பழைய மண்ணின் மேல் உட்கார்ந்திருந்தன. அப்படியானால் பீட் படியத் தொடங்குவதற்கு முன்பே யாரோ அவற்றை அங்கே அடுக்கியிருக்க வேண்டும். 1934இல் அவர் டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு இதை எழுதி அனுப்பினார். கருவி எதுவும் இல்லாமல், எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் காலத்தைப் பற்றி அவர் செய்த இந்த அனுமானம் இன்றளவும் அசையவில்லை. பின்னால் எழுந்த சர்ச்சைகள் எல்லாம் பீட் எப்போது படிந்தது என்பதைப் பற்றியவை; வேலிகள் பீட்டுக்கு முந்தியவையா என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை சொன்னது ஒரு கிராமத்து ஆசிரியரின் கண்.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் அவருடைய மகன் ஷேமஸ் கால்ஃபீல்ட். தொல்லியல் படித்து, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1970களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்தச் சதுப்பை அவர் அளந்தார். தோண்டினால் நான்கு மீட்டர் பீட்டை அகற்ற வேண்டும். அதற்குப் பணமும் போதாது, சதுப்பும் அழியும். எனவே ஊரார் ஏற்கனவே கையாண்டுவந்த ஒரு முறையை அவர் எடுத்துக்கொண்டார். சதுப்புக்குள் புதைந்த பழைய மரங்களைக் கண்டுபிடிக்க மேயோ விவசாயிகள் நீண்ட இரும்புக் கம்பியைச் செருகிப் பார்ப்பார்கள். பீட் மென்மையானது, கம்பி தடையில்லாமல் இறங்கும், எங்கே தட்டுகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது. இதே கம்பியைச் சிறு சிறு இடைவெளியில் வரிசையாகச் செருகி, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று குறித்துக்கொண்டே போனார்கள். ஆழம் சட்டென்று குறைந்தால் அங்கே வேலி. மறுபடி கூடினால் வேலி முடிந்தது. தட்டுப்பட்ட இடங்களில் குச்சிகளை நட்டுக்கொண்டே போகப் போக, பார்வைக்கு வெறும் பழுப்புப் பரப்பாக இருந்த குன்றின் மேல் வேலிகளின் கோடுகள் எழுந்தன. ஒரு நிலத்தின் வரலாற்றை அதைக் குலைக்காமலேயே படித்துவிட முடியும் என்று காட்டிய இந்த முறை, கண்டுபிடிப்பைப் போலவே பாராட்டுக்குரியது.

அப்படி வரைந்தெடுத்த நிலப்படம் வியப்பூட்டுவது. 10 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், மொத்தம் 100 கிலோமீட்டருக்கும் நீளமான கல்வேலிகள். கடற்கரைப் பாறைச்சரிவின் விளிம்பிலிருந்து உள்நாட்டை நோக்கி, 150 முதல் 200 மீட்டர் இடைவெளி விட்டு, நீண்ட வேலிகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. சில 2 கிலோமீட்டர் வரை நீள்கின்றன. குறுக்கு வேலிகள் அவற்றை ஏணிப்படிகள் போலப் பகுத்து, தனித்தனி வயல்களாக்குகின்றன. இன்று எஞ்சியிருக்கும் வேலியின் உயரம் முழங்காலளவோ சற்றுக் கூடுதலோதான். கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. மனிதர்களை நிறுத்த இந்த உயரம் போதாது. மாடுகளை ஒரு வயலில் நிறுத்தி, புல் தீர்ந்ததும் அடுத்ததற்கு மாற்றுவதற்கு ஏற்ற அமைப்பு. நிலம் பெரும்பாலும் மேய்ச்சலுக்கே பயன்பட்டது என்பதை மகரந்தத் தூள் ஆய்வும் சொல்கிறது. மாட்டெலும்பு கிடைத்தால் ஐயமே இல்லாமல் போயிருக்கும். ஆனால் புளித்த மண் எலும்பைத் தின்றுவிடும். செடியையும் மரத்தையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காப்பாற்றும் அதே நிலம், கால்நடையின் தடயத்தைக் கரைத்துவிட்டது.

இந்த வேலிகளுக்கு நடுவிலும் அருகிலும் முற்றக் கல்லறைகள் இருக்கின்றன. பெருங்கற்களால் எழுப்பிய அறைகளும், அவற்றின் முன்னே திறந்த முற்றமும் கொண்டவை, கி.மு. நான்காம் ஆயிரத்தைச் சேர்ந்த புதிய கற்கால அமைப்புகள். வடமேயோவில் இவை அடர்த்தியாகக் காணப்படுகின்றன. கேஜாவுக்குள்ளேயே இருக்கும் பீஹி கல்லறை 1960களில் அகழப்பட்டது. பாலிகாசிலுக்குப் பக்கத்தில் பாலிகிளாஸ் என்ற இடத்தில் ஒரு கல்லறையை அகழ்ந்தபோது, அதன் அடியில் செவ்வக வடிவ மரவீடு ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. சுமார் 13 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வீடு நின்ற இடத்தின் மேலேயே இறந்தவர்களுக்கான இடத்தை எழுப்பியிருக்கிறார்கள். அயர்லாந்தின் கற்காலம் என்றதும் உலகம் நினைப்பது கிழக்கே இருக்கும் நியூகிரேஞ்சை: கி.மு. 3200 அளவில் கட்டப்பட்ட, குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் உதயச் சூரியன் உள்ளறைக்குள் நுழையும் பிரமாண்டமான மேடு. அது பெரும் ஆட்பலத்தைத் திரட்ட முடிந்தவர்களின் கட்டுமானம், சடங்குக்கானது. கேஜாவில் கிடைப்பது அன்றாட வேலையின் வடிவம். நிலத்திலிருந்து கல்லைப் பொறுக்கி எல்லையில் அடுக்கியவர்கள், அண்டை வீட்டாரோடு கலந்து எல்லையை நேராக இழுத்தவர்கள், கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்ட இடம் தேடியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் சான்று உலகத்தில் எங்குமே அரிது. அரசர்களின் தடயம் நிலைத்துவிடுகிறது. உழைத்தவர்களின் தடயம் அடுத்த தலைமுறையின் ஏரிலேயே அழிந்துவிடும். இங்கே அடுத்த ஏர் வரவில்லை, சதுப்பு வந்தது.

இதிலிருந்து சிலர் இன்னொரு முடிவுக்கும் தாவுகிறார்கள்: அரண் இல்லை, ஆயுதம் இல்லை, ஆகவே இது சண்டையறியாத, ஏற்றத்தாழ்வில்லாத சமூகம் என்று. அவ்வளவு தூரம் போவதற்குச் சான்று இடம் கொடுக்கவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு நேராக ஓடும் வேலி ஒப்பந்தத்தால் எழுந்திருக்கலாம், கட்டளையாலும் எழுந்திருக்கலாம். கூட்டாகத் திட்டமிட்டார்கள் என்பது உறுதி. கூட்டத்தில் எல்லோருடைய குரலும் ஒன்றாக எடுபட்டதா என்பதைக் கல் சொல்லாது.

இனி, காலத்தைப் பற்றிய வழக்கு. வழக்கமாகச் சொல்லப்படுவது, இந்த வயல்கள் கி.மு. 3700க்கும் 3200க்கும் இடையில் உருவாகிப் பயன்பட்டவை என்பது. இதற்கு மூன்று வகைச் சான்றுகள். முதலாவது, வேலிகளோடு சேர்ந்து கிடக்கும் கல்லறைகளும், கிளனல்ரா என்ற இடத்தில் வேலியால் சூழப்பட்ட ஒரு வளைவுக்குள் கிடைத்த கரித்துண்டும். இரண்டாவது, பீட்டுக்குள் வேரோடு நிற்கும் பைன் மரக் கட்டைகள். கதிரியக்கக் கார்பன் முறையில் அவற்றை அளந்தபோது பெரும்பாலானவை கி.மு. மூன்றாம் ஆயிரத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. அம்முடிவுகள் 1998இல் வெளியாயின. அந்த மரங்கள் பீட்டின் மேல் முளைத்தவை. எனவே அதற்குள் பீட் வளர்ந்துவிட்டிருந்தது. பீட்டுக்கு அடியில் உள்ள வேலிகள் அதற்கும் முந்தியவை என்பது வாதம். மூன்றாவது, மகரந்தத் தூள். கால்வே பல்கலைக்கழகத்தின் கேரன் மொலாயும் மைக்கேல் ஓ’கானலும் பீட்டின் அடுக்குகளிலிருந்து எடுத்த தூளை ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். கி.மு. நான்காம் ஆயிரத்தின் முற்பகுதியில் மரங்களின் மகரந்தம் குறைகிறது. புல்லும், மேய்ச்சல் நிலத்தில் முளைக்கும் ஒருவகைக் களையும் பெருகுகின்றன. இசப்கோல் இனத்தைச் சேர்ந்த அந்தக் களை கால்நடை மிதிக்கும் இடங்களில் தழைப்பது. சிறிதளவு தானிய மகரந்தமும் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 3200க்குப் பிறகு நிலைமை தலைகீழாகிறது, காடு திரும்புகிறது.

2017இல் ஆண்ட்ரூ வைட்ஃபீல்ட் என்ற தொல்லியலாளர் இந்தக் கட்டமைப்பு முழுவதையும் கேள்விக்குள்ளாக்கினார். ஐரோப்பியத் தொல்லியல் ஆய்விதழ் ஒன்றில் வந்த அவருடைய கட்டுரையின் சாரம் இது: வேலிகளின் காலத்தை நேரடியாகக் காட்டும் சான்று இல்லை, இருப்பவை எல்லாம் சுற்றிவளைத்த சான்றுகள். இணை வேலிகள் கொண்ட இத்தகைய ஒழுங்கான வயலமைப்பு பிரிட்டனிலும் வடமேற்கு ஐரோப்பாவின் மற்ற இடங்களிலும் வெண்கலக் காலத்திலோ அதற்குப் பிறகோதான் தோன்றியது. இங்கிலாந்தின் டார்ட்மூர் வேலிகள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தைச் சேர்ந்தவை. அப்படியிருக்க, அயர்லாந்தின் ஒரு மூலையில் மட்டும் ஈராயிரம் ஆண்டுகள் முன்னதாக இது எப்படி எழுந்தது? ஆகவே இந்த வேலிகளும் பிற்காலத்தவையாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இந்த மறுப்பை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கரித்துண்டு வேலிக்கு முந்திய அடுப்பிலிருந்தும் வந்திருக்கலாம். பீட் எல்லா இடத்திலும் ஒரே நாளில் படிவதில்லை. ஒரு பள்ளத்தில் நிற்கும் பைன் கட்டை, அரை கிலோமீட்டர் தள்ளி மேட்டில் ஓடும் வேலியின் வயதைச் சொல்லிவிடாது. மகரந்தம் மேய்ச்சலைக் காட்டும், வேலியைக் காட்டாது.

2020இல் ஓ’கானலும் அவருடைய உடனாய்வாளர்களும் மகரந்தச் சான்றுகளையும் காலக் கணிப்புகளையும் மீண்டும் தொகுத்துப் பார்த்து, வயல்கள் புதிய கற்காலத்தவையே என்று எழுதினார்கள். இரு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்த்தால், ஓ’கானல் தரப்பே வலுவாகத் தெரிகிறது. தனித்தனியே எடுத்தால் மூன்று சான்றுகளும் ஓட்டையுள்ளவை. ஆனால் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது. இவ்வளவு பெரிய பரப்பில் வேலி போட்டு மாடு மேய்த்தவர்கள் மகரந்தத்தில் தடயம் விடாமல் இருக்க முடியாது. கேஜாவின் பீட் அடுக்குகளில் மேய்ச்சல் மிகத் தீவிரமாகப் பதிவாகியிருப்பது கி.மு. நான்காம் ஆயிரத்தில். அயலில் இதுபோல் இல்லை என்ற வாதமும் நினைப்பதுபோல் உறுதியானதன்று. அயலில் இதுபோன்ற பழைய வேலிகள் இருந்திருந்தால், அவற்றைக் காப்பாற்ற அங்கே சதுப்பு வேண்டுமே. பிற்கால உழவு அழித்துவிட்ட இடத்தில் இல்லை என்பதைக் கொண்டு எங்குமே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இந்தப் பதில் வைட்ஃபீல்டின் மையக் குறையைத் தீர்க்கவில்லை. வேலிக்கல்லின் அடியிலிருந்தே எடுத்த, ஐயத்துக்கு இடமில்லாத கணிப்புகள் போதுமான அளவில் வரும்வரை வழக்கு திறந்தே இருக்கும்.

வைட்ஃபீல்ட் வென்றாலும் இழப்பது ஒரு பட்டத்தை மட்டுமே. வேலிகள் மூவாயிரம் ஆண்டுப் பழமையானவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சமூகம் முழுவதன் நிலப் பங்கீட்டை, குன்றிலிருந்து கடல்வரை, கலையாமல் காட்டும் இடமாகவே கேஜா இருக்கும். இது மூத்ததா இளையதா என்ற கேள்வியில் மட்டும் கவனம் குவியும்போது, அந்த மக்கள் நிலத்தை எப்படிப் பகிர்ந்தார்கள் என்ற பெரிய கேள்வி பின்னுக்குப் போகிறது. பட்டத்தின் மேல் எழுப்பிய பெருமை, பட்டத்தோடு போய்விடும் என்பதும் மறக்கக்கூடாதது. 2010இல் அயர்லாந்து யுனெஸ்கோவிடம் கொடுத்த உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் கேஜா வயல்களும் வடமேற்கு மேயோவின் சதுப்புகளும் ஒன்றாகச் சேர்ந்தே இடம்பெற்றிருந்தன. 2022இல் வந்த புதிய பட்டியலில் அவை இல்லை. வயலையும் சதுப்பையும் ஒரே பெயரின் கீழ் வைத்த அந்தப் பழைய எண்ணம் சரியானது. மறுபடி எடுத்துக்கொள்ளத் தக்கது.

அந்த மக்கள் ஏன் போனார்கள் என்பதைப் பற்றியும் ஒரு கதை பரவலாக உண்டு. வானிலை கெட்டது, மழை பெருகியது, சதுப்பு ஊர்ந்து வந்து வயல்களை விழுங்கியது, மக்கள் ஓடினார்கள் என்பது அது. இன்றைய பருவநிலை அச்சத்துக்கு இக்கதை அழகாகப் பொருந்துவதால் அடிக்கடி சொல்லப்படுகிறது. மகரந்தப் பதிவு இதைவிடச் சிக்கலான வரிசையைத் தருகிறது. மேய்ச்சல் முதலில் குறைகிறது. கைவிட்ட நிலத்தில் பைன், பிர்ச், ஹேசல் மரங்கள் திரும்புகின்றன. சதுப்பு பெரும்பரப்பாக விரிந்தது அதற்குப் பிறகுதான். சில பள்ளங்களில் பீட் முன்பே தொடங்கியிருந்தது உண்மை. மரத்தை வெட்டியதால் மண்ணில் நீர் தேங்கியதும் அதற்குத் துணைசெய்திருக்கலாம். ஆனால் சதுப்பு துரத்தியதால் அவர்கள் போனார்கள் என்பதைவிட, அவர்கள் போன இடத்தில் சதுப்பு குடியேறியது என்பதே சான்றுக்கு நெருக்கமானது. மண் வளம் குன்றியதா, நோயா, வேறிடத்தில் நல்ல நிலம் கிடைத்ததா என்பதற்கு இந்தப் பீட்டில் விடை இல்லை.

கேஜாவைப் பற்றிப் பயணிகள் சொல்லும் எளிய குறை ஒன்றுண்டு: பார்க்க எதுவுமில்லை. குறையில் நியாயம் இருக்கிறது. வேலிகளில் பெரும்பகுதி புதைந்தே இருக்கிறது. வெளியே தெரிவது அகழ்ந்து திறந்துவிட்ட சில நீளங்கள். 1993இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம், பக்கங்களில் பீட் போர்த்திய பிரமிடு வடிவக் கட்டடம். உள்ளே சதுப்பிலிருந்து எடுத்த, 4,000 ஆண்டுக்கு மேல் பழமையான பைன் மரம் ஒன்று நிற்கிறது. வெளியே வழிகாட்டிகள் வருகிறவர்களின் கையில் கம்பியைக் கொடுத்துச் செருகச் சொல்வதுண்டு; ‘டக்’ என்று கல் தட்டும் உணர்ச்சி கைக்கு வருகிறது. எல்லாவற்றையும் தோண்டித் திறந்துவிட்டால் கண்ணுக்கு நிறைவாக இருக்குமே என்று கேட்கலாம். திறந்த கல் மழையிலும் பனியிலும் சரியும். அடியிலுள்ள பழைய மண் காற்றுப் பட்டு, அதிலிருக்கும் மகரந்தமும் விதையும் கெடும். பார்வைக்கு வைத்ததும் படிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. வருகிறவர்களின் கற்பனையிடம் கொஞ்சம் உழைப்பைக் கேட்பது பெரிய குற்றமில்லை.

கண்ணுக்கு விருந்து வேண்டுமென்பவர்களுக்கு ஊரின் வடக்கே டவுன்பேட்ரிக் முனை இருக்கிறது. அட்லாண்டிக் கரையோரமாக 2,500 கிலோமீட்டர் ஓடும் சுற்றுலாப் பாதையின் முக்கிய நிறுத்தங்களில் ஒன்று. புல்வெளி மெல்ல உயர்ந்துபோய், திடீரென்று பாறைச்சரிவில் முடிகிறது. அதற்கு எதிரே கடலுக்குள் தனித்து நிற்கிறது டூன் பிரிஷ்டே என்ற கல்தூண். உயரம் ஏறத்தாழ 45 முதல் 50 மீட்டர், உச்சியில் புல். முப்பது கோடி ஆண்டுக்கு மேல் பழமையான மணற்கல்லும் களிக்கல்லும் நீலம், காவி, பழுப்பு என்று படிப்படியாகத் தெரியும் அதன் பக்கங்களில் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. ஒருகாலத்தில் இது நிலத்தோடு ஒட்டியிருந்தது. இடையிலிருந்த பாறை வளைவு 1393இல் ஒரு புயலில் இடிந்ததாகவும், அப்போது அங்கே குடியிருந்தவர்களைக் கப்பற்கயிறு கட்டி மீட்டதாகவும் மரபுவழிச் செய்தி. பேட்ரிக் புனிதர் தன்னை ஏற்காத க்ரோம் டூ என்ற தலைவனைத் தண்டிக்கக் கோலால் தரையை அடித்துப் பிரித்தார் என்பது ஊர்க்கதை. 1980இல் ஹெலிகாப்டரில் அதன் உச்சியில் இறங்கியவர்கள் கல்கட்டடங்களின் எச்சத்தைக் கண்டார்கள். மக்கள் வாழ்ந்தார்கள் என்ற மரபுச் செய்திக்கு அது துணை. அதே முனையில் கடல் நிலத்துக்கு அடியில் குடைந்து ஏற்படுத்திய பெரும் துளையும் உண்டு. 1798 ஆகஸ்ட் 22 அன்று அருகிலுள்ள கில்கம்மினில் ஹம்பேர் தளபதியின் கீழ் சுமார் ஆயிரம் பிரெஞ்சுப் படையினர் இறங்க, மேயோவின் ஏழைக் குடியானவர்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராக அவர்களோடு சேர்ந்தார்கள். கிளர்ச்சி ஒரு மாதத்தில் நசுக்கப்பட்டது. தப்பியோடிய 25 பேர் இந்தத் துளையின் அடியில் ஒளிந்து, அலையேறி இறந்தார்கள் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறது. புல்லில் வெள்ளைக் கற்களால் ‘அயர்லாந்து’ என்பதற்கான ஐரிஷ் சொல்லும் 64 என்ற எண்ணும் பதிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப்போரில் நடுநிலை நாட்டின் மேல் பறக்கிறோம் என்று விமானிகளுக்கு அறிவிக்க வைத்தவை.

ஊருக்கு அருகிலுள்ள டூன்ஃபீனி இடுகாட்டில் நிற்கும் நெடுங்கல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 4.5 மீட்டர் உயரம், கிறித்தவத்துக்கு முந்தியது. பிற்காலத்தில் வந்த கிறித்தவர்கள் அதை வீழ்த்தாமல் அதன் மேலேயே சிலுவைகளைச் செதுக்கினார்கள்.

சதுப்பைக் காக்க வேண்டும் என்பதற்கு மிகக் கடினமான மறுப்பு இந்தப் பகுதி மக்களிடமிருந்தே வருகிறது. சதுப்பைக் காப்பாற்று என்பது வெளியூர்க்காரனுக்கு எளிது. குளிர்காலத்தில் அடுப்பெரிக்க வேண்டியவர்கள் நாங்கள், பீட் வெட்டுவது எங்கள் பாட்டன் காலத்து உரிமை என்பது அவர்கள் வாதம். அதற்கு மேலும் ஒன்று சேர்க்கலாம்: பீட் வெட்டியதால்தானே வேலிகளே தெரியவந்தன? இரண்டும் உண்மை. ஆனால் கையால் ஒரு குடும்பம் வெட்டுவதும் இயந்திரத்தால் சுரண்டுவதும் ஒன்றாகாது. இதே மேயோவில் தெற்கே பெல்லாகோரிக்கில் 1960களிலிருந்து பீட்டை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அதற்காகப் பல ஆயிரம் ஹெக்டேர் சதுப்பு உரிக்கப்பட்டது. கையால் வெட்டும்போது மண்வெட்டி கல்லில் பட்டதும் ஆள் நின்று பார்ப்பார்; பெரிய இயந்திரம் நின்று பார்க்காது. 2022இல் அயர்லாந்து அரசு கொண்டுவந்த விதிகள் பீட் வணிகத்தைக் கட்டுப்படுத்தினாலும், சதுப்பில் வெட்டும் மரபுரிமை உள்ளவர்கள் தம் வீட்டுக்கு வெட்டிக்கொள்வதற்கு இடம் விட்டன. அந்த இடைவழி நியாயமானது. அதோடு, வேலிகள் ஓடும் பரப்புகளில் வடிகால் வெட்டுவதை முழுவதும் நிறுத்தி, அதனால் இழப்பவர்களுக்கு வேறு எரிபொருளுக்கான உதவியை அரசு தர வேண்டும். வடிகால்தான் உண்மையான எதிரி. நீர் வடிந்த சதுப்பு சுருங்கும், வெடிக்கும், காற்று உள்ளே போகும், மக்கத் தொடங்கும். சேர்ந்து கிடந்த கார்பனும் வெளியேறும். வெட்டாத பீட்டும் பக்கத்து வடிகாலால் கெடும்.

வைட்ஃபீல்டுக்கும் ஓ’கானலுக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கப்போகும் சான்றும் இந்த ஈரத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு கல் வைக்கப்பட்ட நாளுக்கு முன் அதன் அடியிலிருந்த மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று கணிக்கும் ஒளிர்வு முறை இன்று உண்டு. அதே இடத்தின் விதையையும் சுள்ளியையும் கதிரியக்கக் கார்பனால் தனியே அளக்கலாம். இரண்டும் பொருந்தினால் வேலியின் வயது நேரடியாகத் தெரிந்துவிடும். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேலிகளில் இதுவரை திறந்து பார்த்தது மிகச் சிறு பகுதி. பைன் கட்டைகளுக்கு அருகில், வடிகால் தொடாத இடமாகப் பார்த்துச் சில குழிகள் போட்டாலே போதும். விடை வரும்வரை, பார்வையாளர் மையத்தின் சுவரில் இரண்டு தரப்பின் வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கலாம். கம்பியைக் கையில் பிடித்துக் கல்லைத் தட்டிப் பார்த்தவர்கள், எந்தத் தரப்பை ஏற்பது என்று தாமே எடைபோட்டுப் பார்க்கட்டும்.